பியூலாவின் வலது காலும் நான் சொன்ன பொய்யும்

எங்கள் மகள் பியூலாவின் வலது காலைப் பற்றி நான் சொல்லும் இரண்டாவது சாட்சி இது. முதலாவது சாட்சியை 1984 ஜூன் மாதம் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் அது பாதியை மறைத்துச் சொன்ன சாட்சி. இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இதில் நான் நல்லவனாகத் தெரியமாட்டேன். தெரியவேண்டியது நான் அல்ல என்பதால் பரவாயில்லை.

நானும் என் மனைவி கிரேஸும் ஹூஸ்டனில் இருக்கிறோம். நான் பாளையங்கோட்டைக்காரன், அவள் மெட்ராஸ். பைப்லைன் கம்பெனி ஒன்றில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் பைப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபக்காரன் என்றும் பெயர் உண்டு.

1984 பிப்ரவரியில் பியூலா பிறந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து பிறந்த குழந்தை. நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். விரல்களை எண்ணிப் பார்க்கும் ஆசையில் துணியை விலக்கினேன். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மெதுவாக நேராக்கிப் பார்த்தேன். கையை எடுத்ததும் பழையபடி மடங்கிக்கொண்டது. உடனே துணியை மூடிவிட்டேன். கிரேஸிடம் பெண் குழந்தை என்று மட்டும் சொன்னேன். கார் நிறுத்துமிடத்துக்குப் போய் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். ஆறு வருடம் கேட்டதற்கு இதுதானா பதில் என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன்.

திரும்பி வந்தபோது கிரேஸ் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, நீங்க எதையோ மறைக்கிறீங்க. குழந்தையைப் பிரிச்சுக் காட்டுங்க," என்றாள்.

காட்டினேன். அவள் அழவில்லை. அந்தப் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் தைரியம் அவளிடம்தான் இருக்கிறது.

ஊருக்கு எழுதினோம். என் அக்காவிடமிருந்து பதில் வந்தது. மாசமாக இருக்கும்போது கிரேஸ் கிரகண நேரத்தில் வெளியே போனாளா, கத்தரிக்கோலால் ஏதாவது வெட்டினாளா என்று கேட்டிருந்தாள். மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. ஆனாலும் கிரகணம் எங்களை விட்டுப் போகவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் கிரேஸ் முதன்முதலாக அழுதாள். அன்று அக்காவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பத்தாம் நாள் எலும்பு டாக்டரிடம் போனோம். தலை நரைத்த அமெரிக்கர். மெதுவாகப் பேசுவார். கிரேஸ் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள், நான் என்ன தப்புச் செய்தேன் என்று. அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். இதற்குப் பெயர் கிளப் ஃபுட். ஏன் வருகிறது என்று முழுதாக யாருக்கும் தெரியாது. ஆனால் தாய் செய்த எதனாலும் வருவதில்லை. எலும்பு உடைந்திருக்கவில்லை, பாதத்தின் உள்பக்கத் தசைநார்கள் இறுகி இழுத்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். பிறந்த குழந்தையின் கால் மெழுகு மாதிரி இளகியது, வாரம் கொஞ்சமாகத் திருப்பினால் திரும்பிவிடும் என்றார். பெரிய ஆபரேஷன் செய்து சரிசெய்கிற டாக்டர்கள்தான் அதிகம் என்றும், தான் படித்த இடத்தில் மாவுக்கட்டுதான் முதலில், கத்தி கடைசியில் என்றும் சொன்னார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் கிரேஸ் காரில் தூங்கினாள். பத்து நாளில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அப்போதுதான்.

வாரா வாரம் புதன்கிழமை மாவுக்கட்டு. டாக்டர் பாதத்தைக் கையில் பிடித்து இதமாகத் திருப்பி அப்படியே வைத்திருப்பார், உதவியாளர் கால்விரல் முதல் தொடை வரை கட்டுப் போடுவார். அடுத்த கட்டுக்கு முன் பழையதை நாங்களே வீட்டில் கழற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகர் ஊற்றி ஊறவைத்தால் கட்டு இளகும். சமையலறை முழுவதும் ஊறுகாய்க் கம்பெனி மாதிரி புளித்த வாசனை. ஒவ்வொரு முறை கட்டுப் பிரியும்போதும் பாதம் கொஞ்சம் நேராகியிருக்கும். ஆறு கட்டுகளுக்குப் பிறகு குதிகால் மட்டும் இறங்கவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் தசைநாரை ஊசி முனை அளவுக்குக் கீறிவிட்டு, கடைசிக் கட்டைப் போட்டார். மூன்று வாரம் கழித்து அதைக் கழற்றியபோது இரண்டு பாதங்களும் ஒரே மாதிரி இருந்தன. நானும் கிரேஸும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அப்போது டாக்டர் ஓர் இரும்புப் பட்டையை எடுத்தார். இரண்டு முனைகளிலும் சின்ன வெள்ளை ஷூ. நல்ல காலுக்கும் சேர்த்துத்தான். ஷூக்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. இதை ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் போட வேண்டும், குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம், மூன்று மாதத்துக்குப் பிறகு தூங்கும்போது மட்டும் போட்டால் போதும், ஆனால் அது நான்கு வயது வரை என்றார். கட்டு காலைத் திருத்தும், ஷூதான் திருத்தியதைக் காப்பாற்றும் என்று இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் ஜெபக் கூட்டம். பதினைந்து இருபது பேர் வருவார்கள். வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடக்கும். ஹாலில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் தரையில் உட்காருவோம். அமெரிக்காவில் எதை எதையோ விட்டுவிட்டோம், ஆனால் ஜெபிக்கிற இடத்துக்குச் செருப்போடு போவதை மட்டும் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. அந்த ஜமக்காளத்தின் நடுவில் குழந்தையைக் கிடத்துவோம். எல்லோரும் வெறுங்காலோடு இருக்கையில் என் மகள் மட்டும் இரும்புப் பட்டையில் பூட்டிய இரண்டு ஷூவோடு கிடப்பாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்குமுன் ஷூவைக் கழற்றி வாசலில் மற்றவர்கள் செருப்போடு வைத்துவிட்டேன். வெறும் பாதம் நேராக, அழகாக இருந்தது. அந்த வேகத்தில்தான் எழுந்து நின்று, கர்த்தர் என் மகளின் காலைப் பூரண சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். நான்கு வயது வரை ஷூ உண்டு என்பதைச் சொல்லவில்லை.

பக்தியால் கழற்றினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது வெட்கம். அந்த இரும்பை நாலு பேர் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று ஷூ இல்லாமல் பியூலா சுகமாகத் தூங்கினாள். அடுத்த வாரமும் வெள்ளிக்கிழமை கழற்றியதைச் சனிக்கிழமை காலை வரை மாட்டவில்லை. அப்புறம் ஞாயிறு சபைக்குப் போய் வந்த பிறகும் மாட்டவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ஷூ என்றால் வெளியே போகும்போது போடுவது, வீட்டுக்கு வந்தால் கழற்றுவது. கையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகஸ்ட் மாதத்துக்குள் எங்கள் குழந்தை டாக்டரிடம் போகும்போது மட்டும் ஷூ போடுகிற குழந்தையாகிவிட்டாள். போட்டால் அழுகிறாள், கழற்றினால் சிரிக்கிறாள். கிரேஸ் இரண்டொரு முறை கேட்டாள்.

"டாக்டர் எப்பவும் போடணும்னுதானே சொன்னாரு?"

"கால் சரியாயிருச்சு. விசுவாசம் வேணும் கிரேஸ்," என்றேன் நான். அந்த வார்த்தையை அப்படிப் பயன்படுத்தியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

செப்டம்பரில் குதிகால் லேசாக ஏற ஆரம்பித்தது. முன்பாதம் உள்ளே திரும்பியது. ஒரு மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற எனக்கு அது தெரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தெரிந்தது. பார்க்காமல் இருந்தேன். அக்டோபரில் டாக்டர் பாதத்தைக் கையில் பிடித்ததும் அவர் முகம் மாறியது.

"நான் சொன்னபடி ஷூ போட்டிருந்தாளா?" என்று கேட்டார்.

"ஆமாம் டாக்டர்," என்றேன்.

கிரேஸ் தரையைப் பார்த்தாள். டாக்டர் ஃபைலில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, ஷூ போட்டும் திரும்புகிறது என்றால் இது பிடிவாதமான கால், கட்டுக்கு அடங்காது, ஆபரேஷன்தான் வழி என்றார். குதிகாலின் பின்புறம் தொடங்கிப் பாதத்தின் உள்பக்கம் வரை திறந்து, இறுகிய தசைநார்களையெல்லாம் விடுவிக்க வேண்டும். பாதம் நேராகிவிடும், ஆனால் தழும்பு உள்ளே இறுகும், வளர்ந்த பிறகு கால் விறைத்து வலிக்கக்கூடும் என்றும் மறைக்காமல் சொன்னார். நவம்பர் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்திருப்போம்.

"ஏங்க பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள் கிரேஸ்.

"இப்ப சொன்னா நம்ம மேல கேஸ் போடுவாங்க. குழந்தையையே எடுத்துட்டுப் போயிடுவாங்க. இது அமெரிக்கா," என்று கத்தினேன். பியூலா பயந்து அழுதாள். வாயில் வந்தபடி ஒரு காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அது அல்ல. கைதட்டு வாங்கிய சாட்சியைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு நான் ஜெபித்ததுபோல் வாழ்க்கையில் ஜெபித்ததில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, கத்தி வேண்டாம், ஓர் அற்புதம் செய்யும் என்று கெஞ்சினேன். தினமும் காலையில் பாதத்தைப் பார்ப்பேன். அப்படியேதான் இருக்கும். வேலைக்குப் போய் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. குழந்தைக்கு ஆபரேஷன், ஜெபியுங்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். எங்கள் கூட்டத்துக்கு ரஞ்சி ஆன்ட்டி என்று யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வருவார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், எதையும் பளிச்சென்று கேட்டுவிடுவார். எல்லோரும் கண்ணை மூடப்போகிற நேரத்தில், "தம்பி, அந்தச் சப்பாத்து எங்கே? பிள்ளை போட்டு நான் கன நாளாக் காணேல்லை," என்று ஷூவைப் பற்றிக் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஜெபிக்கக் கூப்பிட்டா விசாரணை பண்றீங்களே ஆன்ட்டி," என்றேன்.

"விசாரணை இல்லை ராசா. தெரியாமல் என்னெண்டு ஜெபிக்கிறது?" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல்.

கூட்டத்தை நடத்துகிற தேவதாஸ் அங்கிள் ஜெபத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளையின் காலைத் தொட்டு சுகமாக்கும் ஆண்டவரே என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாய் திறக்கவில்லை. எட்டு மாதமாக நான் கேட்டதையெல்லாம் ஆண்டவர் அந்தச் சின்ன வெள்ளை ஷூவில் வைத்து என் கையில் கொடுத்திருந்தார், நான் அதைக் கொண்டுபோய் வாசலில் செருப்புகளுக்கு நடுவே போட்டுவிட்டேன் என்று அந்த நிமிடத்தில் புரிந்தது. யாரும் என்னைத் திட்டியதுபோல் இல்லை. இதமாகத்தான் புரிந்தது, என்னால் தாங்கத்தான் முடியவில்லை. ஜெபத்தின் நடுவிலேயே எழுந்துவிட்டேன்.

"அங்கிள், நிறுத்துங்க. நான்தான் ஷூவைக் கழட்டினேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். ஜூன்ல உங்ககிட்ட சொன்னதும் பாதி பொய்," என்றேன். கிரேஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தானும்தான் கூடவே கழற்றியதாகச் சொன்னாள்.

தேவதாஸ் அங்கிள் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஜமக்காளத்துல ஷூ வரக்கூடாதுன்னு நம்ம யாரும் சொல்லலையேப்பா," என்றார். பிறகு, "அது ஷூவா? அது மருந்து. மருந்தைக் கீழ கொட்டிட்டு யாராவது ஜெபம் பண்ணுவாங்களா? போய் எடுத்துட்டு வா," என்றார்.

மாட்டிப் பார்த்தோம். வலது கால் ஷூவுக்குள் முழுதாக இறங்கவில்லை. குதிகால் மேலேயே நின்றது. அதைப் பார்த்ததும் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்று ரஞ்சி ஆன்ட்டி சொன்னார், ஆஸ்பத்திரி எண்ணுக்கு அப்போதே போன் பண்ணச் சொன்னார். பேசியவர்கள் திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வரச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபக் கூட்டம், ஜமக்காளம், வாசல் செருப்பு, ஒன்றையும் விடவில்லை. நடுவில் என் ஆங்கிலம் தடுமாறியது, கிரேஸ் எடுத்துக் கொடுத்தாள். போலீஸைக் கூப்பிடுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"கால் செய்யாத தப்புக்காக அந்தக் காலைத் திறக்க இருந்தேன்," என்றார். "நீங்கள் இன்று வந்ததற்கு நன்றி."

எனக்கு நன்றி சொன்னார், கவனியுங்கள். அடி விழும் என்று போனவனுக்கு நன்றி கிடைத்தது. கால் பிடிவாதமானது அல்ல, இன்னும் இளக்கம் இருக்கிறது, மறுபடி கட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஆபரேஷன் தேதியை ரத்து செய்யவில்லை. முடியுமா என்று மூன்று கட்டுகளில் தெரிந்துவிடும், ஒன்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

மறுபடி புதன்கிழமைகள், மறுபடி வினிகர். இந்த முறை நான் அற்புதம் கேட்கவில்லை. இந்த வாரம் செய்ய வேண்டியதைச் செய்யப் பெலன் தாரும் என்று மட்டும் கேட்டேன். முதல் கட்டில் முன்பாதம் திரும்பியது. இரண்டாவதில் குதிகால் அசைந்தது. மூன்றாவது கட்டைப் பிரித்த அன்று டாக்டர் பாதத்தை மேல்நோக்கி வளைத்தார். வளைந்தது. இன்னொரு முறை வளைத்துப் பார்த்தார். பிறகு உதவியாளரிடம் திரும்பி, நவம்பர் தேதியை அடித்துவிடச் சொன்னார், அப்போதே ஷூவையும் மாட்டிவிட்டார். கிரேஸ் அந்த உதவியாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. நெஞ்சில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. வரும் வழியில் பசித்தது. இருவரும் ஒரு கடையில் நிறுத்தி வயிறு நிறையச் சாப்பிட்டோம். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை பியூலா ஷூவோடும் இரும்புப் பட்டையோடும் ஜமக்காளத்தின் நடுவில் இருந்தாள். தேவதாஸ் அங்கிள் அவளை மடியில் வைத்துக்கொண்டுதான் ஜெபித்தார். நீண்ட ஜெபம் செய்கிறவர் அவர். நடுவில் அவள் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி அந்தப் பட்டையால் அவர் முழங்காலில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். ஆமென் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

ஷூ போட்டு அவள் அழுத நாட்கள் இல்லாமல் இல்லை. முதல் வாரம் கஷ்டம்தான். கழற்றாமல் இருந்தால் பழகிவிடுகிறது, கழற்றிக் கழற்றிப் போட்டால்தான் பழகுவதில்லை என்று டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. 1985 மே மாதம், வெறும் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய, சோபாவைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கையை விட்டுவிட்டு என்னிடம் நான்கு அடி நடந்து வந்தாள். ஊருக்கு எழுதினேன். கிரகணத்தைப் பற்றிக் கேட்ட அக்கா கிரேஸிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை அவள் இன்னும் வைத்திருக்கிறாள்.

இந்த வருடம் பியூலாவுக்கு நான்கு வயது முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் டாக்டர் அவளை வராந்தாவில் நடக்கச் சொன்னார். அவள் ஓடினாள். நடக்கச் சொன்னால் ஏன் ஓடுகிறாய் என்று நான் தமிழில் கேட்டேன், "ஐ லைக் ரன்னிங், டாடி," என்று பதில் வந்தது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவாள், அதை என்னால் திருத்த முடியவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, இனி ஷூ வேண்டாம் என்றார்.

என்னையும் ஆண்டவர் அந்த வருடம் கொஞ்சம் நேராக்கினார். முன்பெல்லாம் தப்புச் செய்த வெல்டரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் காய்ச்சுவேன். இப்போது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறேன். பாதி நேரம் அவர்களாகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். கோபம் முழுதாகப் போய்விடவில்லை, அதற்கு கிரேஸ் சாட்சி.

பிரியமானவர்களே, ஜெபத்தைக் கேட்கிற ஆண்டவர் நமக்கு உண்டு. நான் கேட்டேன், கொடுத்தார். டாக்டரின் கையைக் கொடுத்தார், ரஞ்சி ஆன்ட்டியின் கேள்வியைக் கொடுத்தார், வாயைத் திறக்கிற தைரியத்தையும் கடைசியில் கொடுத்தார். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். எதையும் மறைக்காமல் கேளுங்கள். போன மாதம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். அவனுக்கு மூன்று வாரக் கைக்குழந்தை, இரண்டு காலும் இதே மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை, போட்டோவில்கூடக் காலைத் துணியால் மூடித்தான் எடுக்கிறோம் என்றான். உங்களில் யாராவது அப்படி மூடி வைத்திருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். நானும் கிரேஸும் காரை எடுத்துக்கொண்டு வருகிறோம், தூரமானாலும் வருகிறோம். சேர்ந்து ஜெபிக்கலாம். ஜெபித்து முடித்ததும் அந்த ஷூவை எப்படி இறுக்கிக் கட்டுவது என்று கிரேஸ் காட்டித் தருவாள்.